சீவாளியின் தொண்டைக்கட்டு

சமவெளியில் கணீரென்று ஒலித்த நாகஸ்வரம், பைல் நாடு முதலிய கொல்லிமலை ஊர்களின் விடியற்காலைக் குளிரில் சுருதி இறங்கிக் கம்முமானால், வித்வானின் மூச்சைக் குறைகூறுமுன் அவர் உதட்டிடை நிற்கும் சீவாளியை விசாரிப்பதே நியாயம்.

நாணலால் செய்து, கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயில் பொருத்தும் இச்சிறு கருவிக்குத் திருவாவடுதுறை பெயர்பெற்றது. இது ஒலிக்கும் தத்துவமே மேனாட்டு ஓபோவுக்கும். ஊதுங்கால் சீவாளியின் இதழ்களிரண்டையும் காற்றின் அழுத்தம் ஒட்டவைக்க முயல, அவற்றின் விறைப்பு பிரித்துவிட, குழலுக்குள் சென்று மீளும் ஒலியலை அந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் காலப்பிரமாணம் விதிக்க, வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும் இந்த நர்த்தனமே நாதமாகிறது.

ஆகவே 'அடைக்கிறது', 'இரைகிறது' என்பவை வெறும் புலம்பலல்ல. வைத்தியன் கேட்கும் நோய்க்குறிகள். இதழ் தடித்திருந்தால் மூச்சு மிகுதியாகச் செலவாகும். அளவுமீறி மெலிந்தால் அழுத்தி ஊதும்போது வாய் மூடிக்கொள்ளும். ஓரம் கசிந்தால் நாதத்தோடு காற்றும் கேட்கும். உலர்ந்த இதழோ விறைத்துப்போய்ப் பேசவே மறுக்கும். எச்சிலால் நனைப்பது அதை இளக்கவே.

குளிரின் குற்றம் வேறு. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். 30 டிகிரியில் ஏறக்குறைய 349 மீட்டராயிருந்தது 15 டிகிரியில் 340 ஆகிவிட, சுருதியும் கூடவே இறங்கும். இதற்குச் சீவாளியைச் சீவித் தண்டிப்பது அநியாயம். சிறிது நேரம் ஊதினால் மூச்சின் சூடே குழலைத் தேற்றிவிடும். அப்படியும் தேறாவிட்டால், குழலின் கழுத்தில் நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகள் இருக்கவே இருக்கின்றன.