வசந்தகாலப் பனிச்சரிவு

வசந்தகாலப் பனிச்சரிவு என்பது, குளிர்காலம் முழுவதும் மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தேங்கிய பனி, வெப்பம் கூடும் மாதங்களில் உருகுநீரால் பிடிப்பை இழந்து திரளாகக் கீழே இறங்கும் நிகழ்வு ஆகும். இமயமலை, ஆல்ப்ஸ், ராக்கி முதலிய மலைத்தொடர்களில் இது பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை நிகழ்கிறது. மேகமில்லாத வானமும் நல்ல வெயிலும் உள்ள நாள்களிலும் இது ஏற்படுவதால், மலைக்குப் புதியவர்கள் ஆபத்தை எளிதில் உணர்வதில்லை.

பனியடுக்கில் ஏற்படும் மாற்றம்

ஒவ்வொரு பனிப்பொழிவும் மலையில் ஒரு தனி அடுக்காகப் படிகிறது. அடுக்குகளில் சில உறுதியானவை. சில சர்க்கரையைப் போல உதிரியானவை. குளிர்காலத்தில் பனியின் பெரும்பகுதி 0° செல்சியசுக்குக் கீழே இருப்பதால், பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன.

வசந்தத்தில் மேற்பரப்பு உருகி, நீர் உள்ளே இறங்குகிறது. மேலிருந்து தரை வரை முழு அடுக்கும் 0° செல்சியசை எட்டியதும், துகள்களை இணைத்திருந்த பிடிப்பு கரையத் தொடங்குகிறது. இதைக் கடற்கரை மணலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். சிறிது ஈரமுள்ள மணலில் வீடு கட்டலாம். நீர் மிகுந்தால் அதே மணல் குழைந்து ஓடிவிடும். இறங்கும் நீர் உள்ளே ஓர் உதிரி அடுக்கையோ பனிக்கட்டித் தகட்டையோ அடைந்தால், அங்கே தேங்கிப் பரவி, மேலுள்ள பனி வழுக்கி இறங்க வழி செய்கிறது.

இரவின் பங்கு

தெளிந்த இரவில் பனியின் வெப்பம் வானத்தை நோக்கி வெளியேறுவதால் மேற்பரப்பு மீண்டும் இறுகுகிறது. மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் போர்வைக்குள் இருப்பதுபோல் தங்கிவிடும். பனி சரியாக உறைவதில்லை. எனவே பகலில் வெயில் எவ்வளவு என்பதோடு, முந்தைய இரவு பனி உறைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் பாறைபோல் இருந்த சரிவு, நண்பகலுக்குள் நடக்கத் தகாததாகிவிடலாம்.

வகைகள்

1. ஈர உதிரிச் சரிவு: ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே இறங்க இறங்க விசிறிபோல் அகலும். சிறியதாக இருந்தாலும் ஆளைப் பள்ளத்திலோ பாறையிலோ தள்ளிவிடும்.
2. ஈரப் பலகைச் சரிவு: உள்ளே உள்ள பலவீனமான அடுக்கு நீரால் நலிவடைய, மேலுள்ள பனி பலகைபோல் உடைந்து இறங்கும். எப்போது உடையும் என்று கணிப்பது கடினம்.
3. அடிவழுக்குச் சரிவு: புல்தரை அல்லது வழவழப்பான பாறையின் மீது முழுப் பனியும் நகரும். முன்னதாகப் பனியில் பெரிய வெடிப்புகள் தெரியலாம். ஆனால் வெடிப்பு தோன்றிச் சில மணி நேரத்திலும் சரியலாம், பல வாரம் கழித்தும் சரியலாம்.

இவை தவிர, காற்றால் மலைமுகட்டில் வெளிப்புறமாக நீண்டு வளர்ந்த பனி விளிம்புகள் வெயிலில் உடைந்து விழுந்து, கீழுள்ள சரிவையும் இழுத்துச் செல்வதுண்டு.

இடமும் நேரமும்

பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களில் தொடங்குகின்றன. வட அரைக்கோளத்தில் காலை வெயில் முதலில் கிழக்குச் சரிவையும், பின்னர் தெற்கையும், பிற்பகலில் மேற்கையும் தாக்குகிறது. ஆபத்தும் அதே வரிசையில் நகரும். நிழல் மிகுந்த வடக்குச் சரிவு தாமதமாகவே ஈரமாகும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

* பனி உருண்டைகள் தாமாகவே சரிவில் உருண்டு வருதல்
* காலணி கணுக்காலுக்கு மேல் புதைதல்
* பனியின் மீது மழை பெய்தல்
* அருகிலுள்ள சரிவுகளில் புதிய சரிவுத் தடங்கள் தெரிதல்
* காலடியில் 'வும்' என்ற அமுங்கும் ஓசை கேட்டல்

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான சரிவையும் அதன் அடிவாரத்தையும் விட்டு விலக வேண்டும். உரக்கப் பேசினால் பனி சரியும் என்பது தவறான நம்பிக்கை. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. மனிதரின் எடை போதும்.

முன்னெச்சரிக்கையும் மீட்பும்

அனுபவமுள்ள மலையேறிகள் விடியலுக்கு முன்பே புறப்பட்டு, பனி இளகுமுன் திரும்பிவிடுகிறார்கள். ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராகவே கடக்கிறார்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கவனிக்கிறார்கள்.

புதையுண்டவரைப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் அது விரைவாகக் குறைகிறது. ஈரப் பனி நின்றவுடன் இறுகிவிடுவதால், உள்ளே இருப்பவர் தாமாக வெளிவருவது அரிது. வெளியிலிருந்து மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. உடன் வந்தவர்களே முதல் மீட்பர்கள். எனவே ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் வைத்திருப்பதுடன், அவற்றைப் பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும்.

இந்திய இமயமலையில்

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்–நாதுலா சாலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். 2025 பிப்ரவரி 28 அன்று, குளிர்காலம் முடியும் தறுவாயில், உத்தராகண்டின் மாணா அருகே சாலைப் பணியாளர் முகாமைப் பனி மூடியதில் 54 பேர் சிக்கினர்; 46 பேர் மீட்கப்பட்டனர், எட்டுப் பேர் இறந்தனர்.

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கைகளைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் சண்டிகரில் இயங்கும் ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து நிலை ஆபத்து அளவுகோல் பின்பற்றப்படுகிறது. வசந்தகாலத்தில் அங்கு சில நாடுகளில் காலைக்கும் பிற்பகலுக்கும் தனித்தனி ஆபத்து நிலை அறிவிக்கப்படுகிறது. இமயமலை நடைப்பயணம் செல்லும் மாணவர்கள் எச்சரிக்கை அறிவிப்பைப் பார்ப்பதுடன், திரும்பவேண்டிய நேரத்தையும் புறப்படுமுன்னரே முடிவு செய்துகொள்வது நல்லது.