கண்டறிதலும் தொடர்ந்து நோக்கலும்

2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி, 2024 ஒய்.ஆர்.4 என்னும் குறுங்கோளைக் கண்டறிந்தது. சில வாரப் பதிவுகளைக் கொண்டு சுற்றுப்பாதையைத் திட்டவட்டமாகக் கணிக்க இயலாது. எனவே 2032 டிசம்பர் 22-இல் அது புவியில் மோதும் வாய்ப்பு சுமார் 3 விழுக்காடு என 2025 பிப்ரவரியில் மதிப்பிடப்பட்டது. பல நாட்டு வானாய்வுக்கூடங்கள் தொடர்ந்து அளந்ததன் பயனாக, அம்மாத இறுதிக்குள் அவ்வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கதாயிற்று.

சிலியில் பொழுது விடிந்தபின் லடாக்கில் இரவு தொடங்குகிறது. அங்கு ஹன்லேயில் 2018-இல் இயங்கத் தொடங்கிய 70 செ.மீ. தானியங்கித் தொலைநோக்கி, விரைந்து மங்கும் சூப்பர்நோவாக்களையும் புவியருகே வரும் குறுங்கோள்களையும் பின்தொடர்கிறது. ஆகவே புதியன காண்பதற்கு மட்டுமன்றி, கண்டவற்றைத் தொடர்ந்து நோக்குவதற்கும் நிதி ஒதுக்குதல் இன்றியமையாததாகும்.