மரத்திலேயே முளைக்கும் கண்ணா

மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் கண்ணா (கண்டல்) மரத்தை அண்ணாந்து பாருங்கள். கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவது காயல்ல. காயைத் துளைத்துக்கொண்டு வெளியே நீண்ட நாற்று. நுனி கூரானது. விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். இல்லையேல் மிதந்துபோய் வேறு கரையில் வேர்விடும்.

உவர்ச்சேற்றில் வெறும் விதை முளைப்பது அரிது. தாய்மரத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வளர்ந்து விழுந்தவை அதிகம் பிழைத்தன. அவற்றின் இயல்பே தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. 1859இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுதான்.

இந்த இயல்பு மிகப் பழையது என்பதற்குக் கல்லில் சான்று இருக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான லண்டன் களிமண் படிவில் இதே குடும்பத்து நாற்றுகள் புதைபடிவங்களாகக் கிடைத்துள்ளன. அன்று அங்கே வெப்பமண்டலக் காலநிலை.

இங்கிலாந்தில் இன்று கண்ணாக்காடு இல்லை. நம் வாவியில் இருக்கிறது. அதை வெட்டாதீர்கள்.