எரிமலைத் தீவில் ஒரு பகல்

பென்குவின் என்றதும் பனி மூடிய அன்டார்க்டிகாதான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், நிலநடுக்கோட்டை ஒட்டியும் பென்குவின்கள் வாழ்கின்றன! அதுவும் ஓர் எரிமலையின் அடிவாரத்தில். இது எப்படி? வாருங்கள், கற்பனையில் அங்கே ஒரு பகல் சுற்றி வருவோம்.

நாம் செல்லும் இடம் ஃபெர்னாண்டினா தீவு. தென் அமெரிக்கக் கரைக்கு மேற்கே சுமார் 1000 கி.மீ. தொலைவில், ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. இங்கே மனிதர் எவரும் குடியிருக்கவில்லை.

காலை: கரும்பாறை

படகிலிருந்து இறங்கியதும் காலடியில் முறுக்கிய கயிறு போன்ற கரும்பாறைகள். எரிமலைக் குழம்பு ஓடும்போது மேல்தோல் முதலில் ஆறி, உள்ளே ஓடும் குழம்பால் தள்ளப்பட்டுச் சுருண்டதால் வந்த வடிவம் இது. எதிரே நிற்கும் எரிமலை 2024 மார்ச்சில்கூடக் குழம்பைக் கக்கியது. 1968-இல் அதன் உச்சிப் பள்ளத்தின் தரை சுமார் 300 மீட்டர் கீழே இறங்கிவிட்டது!

நண்பகல்: கடலில் மேயும் பல்லி

அந்தப் பாறைகள் மேல் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன கடல் இகுவானாக்கள். உடும்பு போன்ற இப்பல்லிகளின் உணவு கடற்பாசி. பெரியவை கடலில் மூழ்கி மேயும். குளிர்ந்த நீரில் அவற்றின் உடல் வெப்பநிலை 10 பாகை வரை குறைந்துவிடும். கரையேறியதும் வெயிலில் உடலைப் பரப்பிப் படுக்கும். கருநிறம் வெப்பத்தை நன்கு உட்கவரும் அல்லவா? உடல் சூடேறியபின் என்ன செய்யும் தெரியுமா? முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, மார்பை உயர்த்திக் கொள்ளும். வெயில் படும் பரப்பு குறைந்துவிடும். பள்ளிக்குச் செல்லாமலே இயற்பியல் கற்ற பிராணி!

பிற்பகல்: குளிர்ந்த கடல்

நிலநடுக்கோட்டில் கடல் ஏன் குளிர்ந்திருக்கிறது? பசிபிக் கடலின் மேற்பரப்புக்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. குறுக்கே நிற்கும் இத்தீவுகளில் மோதி அது மேலெழுகிறது. சத்துப் பொருள்களையும் கொண்டு வருகிறது. அவற்றால் பாசிகள் செழிக்கின்றன, மீன்கள் பெருகுகின்றன. அதனால்தான் பென்குவின்கள் இங்கே வாழ முடிகிறது. பறக்கும் ஆற்றலை இழந்துவிட்ட நீர்க்காகமும் இந்த மீன்களை நம்பியே வாழ்கிறது.

இந்த நீரோட்டம் தளர்ந்தால்? எல் நினோ ஆண்டுகளில் அப்படித்தான் ஆகிறது. கடல் சூடேறி, உணவு அற்றுப்போகிறது. 1982-83-இல் இங்குள்ள பென்குவின்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மறைந்தன. பட்டினி கிடந்த இகுவானாக்களின் உடல் நீளமே 20 சதவீதம் வரை குறைவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சில பாகை வெப்ப மாற்றம் என்பது சிறிய செய்தி அல்ல.

மாலை: விடைபெறுவோம்

வெளியிலிருந்து வந்த எலியோ பூனையோ இத்தீவில் இல்லை. படகில் ஓர் எலி வந்தாலும் பறவைகளின் முட்டைகளுக்கு ஆபத்து. எனவே காலணியில் ஒட்டிய விதையைக்கூடத் தட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரு தகரக் குவளைகளில் ஒன்றுக்கு விளக்குக் கரியும் மற்றொன்றுக்குச் சுண்ணாம்பும் பூசுங்கள். சம அளவு நீர் ஊற்றி அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். எது அதிகம் சூடேறுகிறது? இகுவானாவின் கருந்தோல் அதற்கு எப்படி உதவுகிறது என்பது விளங்கும்.