இலைக்குக் காத்திருந்த மருந்து

கேரளத்தில் பொன்முடி மலையின் அடிவாரத்தில், அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் போணக்காட்டுக்குப் போகும் வழியில் கடந்து செல்லும் வித்துரா, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறிய கடைத்தெருவாகவே பார்வைக்குத் தோன்றும். ஆயினும் புதிதாகத் தொடங்கப்படும் தொழில்களில் சில நிலைப்பதும் பல மறைவதும் எக்காரணத்தால் என்று சிந்திப்பவர்கள், அவ்வூரைச் சுற்றியுள்ள காடுகளிலிருந்து புறப்பட்ட 'ஜீவனி' என்னும் மருந்தின் சரித்திரத்தை அறிந்திருப்பது நல்லது.

1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர் குழு ஒன்று அகத்தியமலைக் காடுகளில் சஞ்சரித்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள், மற்றவர்கள் களைத்து உட்கார்ந்த இடங்களிலும் ஒருவகைச் சிறு பழத்தை மென்றுகொண்டு உற்சாகமாக நடந்தார்கள். குல இரகசியமாகையால் முதலில் சொல்லத் தயங்கி, பின்னர் அவர்கள் காட்டிய செடியே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ஜீவனி மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 1995-ல் உற்பத்தி உரிமம் வழங்கியது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு. பரம்பரை ஞானத்தால் வரும் பலனில் அதற்கு உரியவர்களுக்கும் பங்கு தரவேண்டும் என்று ரியோ மாநாட்டில் 1992-ல் உலக நாடுகள் ஏட்டளவில் ஒப்புக்கொண்ட தர்மத்தை முதன்முதலில் நடைமுறையில் நிறைவேற்றியது என்று இவ்வேற்பாடு தேசாந்தரங்களிலும் கீர்த்தி பெற்றது. காணிகளின் பெயரில் 1997-ல் ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999-ல் அதன் கணக்கில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகையும் சேர்ந்தது.

புதிய தொழில் பிழைப்பதற்கு மூலதனம், நல்ல சரக்கு, நாணயமான பெயர், வாங்குவோர் ஆகிய இவை இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். ஜீவனிக்கு இவற்றில் எது குறைவு? சரக்குக்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பலம் பின்னால் இருந்தது. செய்து விற்க அனுபவமுள்ள வைத்தியசாலை முன்னால் நின்றது. குறைந்தது இலை.

அந்தச் செடியின் சுபாவம் அப்படிப்பட்டது. காட்டு மரங்களின் நிழலில், தான் பிறந்த மண்ணிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளர்ந்தால்தான் இலையில் மருந்துச் சத்து முழுமையாக நிற்கும் என்று கண்டார்கள். ஆகவே சமவெளியில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வழி அடைபட்டது. காணிக் குடும்பங்களுக்கே சாகுபடி கற்றுக்கொடுத்து, அவர்களிடமிருந்து இலையை விலைக்கு வாங்குவது என்று நிச்சயித்தார்கள். மிகவும் அழகான யோசனைதான். ஆனால் அவர்கள் குடியிருந்த நிலமோ வனத்துறையின் காடு. அபூர்வமான செடி அழிந்துபோகும் என்ற அச்சத்தால் வனத்துறை தடை விதித்தது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்றும் சொல்வதற்கில்லை. மருந்தின் புகழ் பரவியதும் வெளியார் சிலர் காசு கொடுத்துச் செடிகளை வேரோடு பிடுங்கச் செய்தார்கள். அனுமதி கிடைக்காமல் இலை வரத்து தடைப்பட, கேட்பார் இருந்தும் போதிய அளவு செய்ய முடியாமல் உற்பத்தி தேங்கியது. 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவர் உடன்படிக்கையில் ஒரு தரப்பாகவே இல்லை என்பதைத்தான் இவ்விவகாரத்தின் மூலகாரணமாக நான் கருதுகிறேன்.

அழைக்கப்படாதவர் வனத்துறை மட்டுமன்று. ஆராய்ச்சியாளர்கள் பழகியதெல்லாம் பெரும்பாலும் குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகளோடு. வித்துரா, பெரிங்ஙம்மல பஞ்சாயத்துகளில் வசித்த காணிகள் தங்களை ஒருவரும் கலந்தாலோசிக்கவில்லை என்று மனத்தாங்கலோடு ஒதுங்கினார்கள். பிலாத்திகள் என்னும் குல வைத்தியர் ஒன்பதுபேர், தங்கள் பரம்பரை ஞானத்தைத் தனியாருக்கு விற்பதை ஆட்சேபித்து 1995-லேயே முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். போதாக்குறைக்கு, வெளிநாடுகளில் காப்புரிமை பெறாததோடு பெயரையும் பதிவு செய்யாமல் விட்டதால், அமெரிக்க நிறுவனமொன்று ஜீவனி என்ற பெயரைத் தன் வணிகச்சின்னமாக்கிக்கொண்டது.

காட்டில் வாழ்வோர்க்குச் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பாத்தியதை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறி, அதன் விதிகள் 2008-ன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன. ஜீவனியின் உற்பத்தி உரிமம் காலாவதியானதும் அதே 2008-ல்தான். இப்படி ஒரு சட்டம் பத்தாண்டுகளுக்கு முன்னரே வந்திருக்குமானால் அந்த மருந்து பிழைத்திருக்குமா என்று கேட்டால், இலை கிடைத்திருக்கும் என்றமட்டில் சொல்லலாம். ஆனால் வித்துராக் காணிகளின் மனத்தாங்கலுக்குச் சட்டத்தில் ஒரு பிரிவு போதாது, அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.