உங்களுக்குத் தெரியுமா? மெலிந்த கற்றை அசையவே கூடாது!
பிரான்சின் கிரெனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள, எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ் கதிர் உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் வளையத்தை 2018 டிசம்பரில் நிறுத்தி, பிரித்துப் புதுப்பித்து, 2020 ஆகஸ்டில் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 2 வளைவுக் காந்தங்கள் இருந்த இடத்தில் 7 வந்தன; எலெக்ட்ரான் கற்றையின் கிடைமட்டப் பரவல் (அகலத்தையும் விரியும் கோணத்தையும் பெருக்கிய அளவு) ஏறக்குறைய 30 மடங்கு குறைந்தது. ஆனால் கற்றை மெலிந்தால் மட்டும் ஆய்வுக்கு உதவாது. தன் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது அசையக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். ஆகவே மெலிய மெலிய, தரையின் அதிர்வும் குளிர்நீர்க் குழாயின் நடுக்கமும்கூடப் பெரிய தொல்லையாகின்றன.

கற்றை மெலிந்ததால் நெருங்கிய எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறி, கற்றையே சீக்கிரம் தேய்ந்துவிடாதா? தேயும்தான். அதனால்தான் குறைந்ததை அவ்வப்போது புதிய எலெக்ட்ரான்களால் நிரப்புகிறார்கள். சுவீடனின் மேக்ஸ் 4 வளையமோ எலெக்ட்ரான் கொத்துகளை நீளவாக்கில் நீட்டி நெரிசலைத் தளர்த்துகிறது. மெலிவுக்கான விலையை நிலைப்புத்தன்மையில்தான் கட்ட வேண்டியிருக்கிறது.