கைமாறி வந்த உழவு இயந்திரம்

மண்முனைத் துறையிலே உழவு இயந்திரம் ஒன்றைப் படுவான்கரைக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமாயின், முன்பெல்லாம் ஊரார் 'பாதை' என்றழைக்கும் மிதவையில் ஏற்றியாக வேண்டும். 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டதும் அந்தக் கவலை தீர்ந்தது. கொண்டு சேர்த்த இயந்திரம் உழுமா, உழாதா என்னும் கவலையை எந்தப் பாலமும் தீர்க்காது.

நான் வாங்கியது மாஸி பெர்குசன் 135. 1964இல் வெளிவந்த வகை. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். புதியது வாங்க இயலாத சிறு கமக்காரனுக்கு இத்தகைய பழையதே கதி. மனைவியின் காப்புகள் இரண்டையும் அடகு வைத்து வாங்கினேன். மாரி மழைக்கு ஒரு மாதமே இருந்தது.

விற்பவர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முழங்கியது. அம்முழக்கத்தில் மயங்கினேன். முன்னரே அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார் என்பதைக் கையால் தொட்டிருந்தாலே அறிந்திருப்பேன். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினையே எழுப்பிப் பார்க்க வேண்டும். தேய்மானம் அப்போதுதான் வெளிப்படும். அவரைக் குறை கூறேன். அவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. புதிதாய்ப் பூசிய சிவப்புச் சாயமும் என் கண்ணை மறைத்தது.

மூன்றாம் நாள் வட்டைக்குப் போகும் வழியிலே பிரேக் பிடிக்கவில்லை. முன்சில்லு இரண்டும் வாய்க்காலுக்குள் இறங்கின. வழக்கமாக மட்காட்டில் தொற்றிக்கொண்டு வரும் என் மகன் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தான்.

ஊர் மெக்கானிக் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னச்சின் அடியிலுள்ள எண்ணெய் அடைப்பைத் தளர்த்தினார். முதலில் தண்ணீர் சொட்டிற்று. பின்னர் மோர் போன்ற எண்ணெய். கியர்ப்பெட்டி, பின்னச்சு, கலப்பையைத் தூக்கும் பம்பு ஆகிய மூன்றுக்கும் எண்ணெய் ஒன்றே. ஆதலின் சேற்றுநீர் ஓரிடத்தில் புகுந்தால் மூன்றும் கெடும். அச்சின் எண்ணெய்த் தடுப்பும் கிழிந்து, பிரேக் பட்டைகள் எண்ணெயில் ஊறியிருந்தன.

அத்துடன் கிளச் தட்டும் தேய்ந்திருந்தது. இவ்வியந்திரத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு, அவையே உடலாகி நிற்கின்றன. கிளச்சை மாற்ற வேண்டுமாயின் இடுப்பிலே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்னச்சோ நடுமுளையொன்றிலே இருபுறமும் ஆடுவது. ஆப்பு வைக்காமல் பிரித்தால் எஞ்சின் பக்கவாட்டில் சரிந்து ஆளை நசுக்கிவிடும். மெக்கானிக் முதிரைக் கட்டையிலே தாமே ஆப்புச் செதுக்கி இருபுறமும் இறுக்கிய பின்னரே முதல் ஆணியைக் கழற்றினார். மாமர நிழலிலே என் இயந்திரம் இரு துண்டமாய்க் கிடந்த அந்த ஐந்து நாளும் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. வெறுங்கையோடு தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

மழைக்கு நான்கு நாள் முன்னே உழுதோம். இப்போது ஒவ்வோர் உழவு முடிந்ததும் அந்த அடைப்பைச் சற்றே தளர்த்திப் பார்க்கிறேன். நேற்று வந்தது எண்ணெய்தான். காப்புகள் இன்னும் அடகுக் கடையிலே இருக்கின்றன. தை அறுவடைக்குப் பார்க்க வேண்டும்.